வீட்டுக்காரர் ஃபீல்டுக்குப் போகிறாரா? சேலத்து ராணுவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கணவரை லடாக்குக்கோ காஷ்மீருக்கோ அருணாசலத்துக்கோ அனுப்பிவிட்டு, சேலத்திலோ ஏற்காட்டு மலைக் கிராமங்களிலோ பிள்ளைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தப் போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லைப் பக்கப் பணியிடத்தைத்தான் ஃபீல்டு ஏரியா என்பார்கள், அங்கே குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. ஒரு ஃபீல்டு போஸ்டிங் பொதுவாக இரண்டு, மூன்று வருடம் ஓடும். கன்டோன்மென்டில், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதியில், இருப்பவர்களுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாராவது இருப்பார்கள். சேலத்தில் பெரும்பாலும் நம் தெருவில் பட்டாளத்துக்காரர் வீடு என்றால் அது நம் வீடு ஒன்றுதான். என் வீட்டுக்காரர் முதல்முறை ஃபீல்டுக்குப் போனபோது எந்த ஆபீஸில் எதைக் கேட்பது என்று சொல்லித்தர எனக்கு ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

அவர் கையெழுத்து வேண்டிய எந்த வேலையையும் அவர் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு ஒரு கையெழுத்துக்காகத் தபால் போய்த் திரும்பி வருவதற்குள் கெடு முடிந்துவிடும். கீழே உள்ள முதல் நான்கு படிகளும் அவர் லீவில் வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை.

நான் சொல்வதெல்லாம் ரெகுலர் சர்வீஸில் இருக்கும் ஜவான், ஜே.சி.ஓ. (ஜவானுக்கும் ஆபீசருக்கும் இடைப்பட்ட ரேங்க்) குடும்பங்களுக்கு. அக்னிவீர்களுக்கு லீவும் சலுகைகளும் வேறு கணக்கு. அவர்கள் யூனிட்டில் தனியாகக் கேட்டுக்கொள்ளவும்.

1. முதலில் பெயரைச் சரி செய்யுங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு வரும் தொல்லையில் பாதி இன்ஷியலால் வருவது. வடநாட்டுக் கிளார்க்குக்கு இன்ஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. உங்கள் பள்ளி டி.சி.யில் ‘எஸ். கவிதா’ என்று இருக்கும். ஆதாரில் ‘கவிதா சுப்பிரமணி’. கல்யாணச் சான்றிதழில் ‘கவிதா முருகேசன்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். ராணுவ ரெக்கார்டுக்கு மூன்று பெண்கள். அவர் பெயரும் அப்படித்தான். பட்டாளத்தில் சேர்ந்த அன்று எழுதிக்கொண்டது ‘முருகேசன் பி’ என்றால், கடைசிவரை அதுதான் அவர் பெயர். வங்கியில் ‘பி. முருகேசன்’ என்று இருந்தால் சமாளிக்கலாம். அதையே விரித்து ‘பழனிசாமி முருகேசன்’ என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் கேட்பார்கள்.

ஒரு சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் பாயில் பரப்புங்கள். அவருடைய ஐ.டி. கார்டு, இருவரின் ஆதார், பான், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்யாணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம். ஒரு வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்தில் பெயர் எப்படி இருக்கிறது, பிறந்த தேதி என்ன, அப்பா பெயரோ கணவர் பெயரோ என்ன, முகவரி என்ன என்று எழுதுங்கள். எங்கே எழுத்து மாறுகிறது என்பது கண்ணில் பட்டுவிடும்.

மாற்றும்போது எளிதில் மாறக்கூடியதை மாற்றுங்கள். ஆதாரில் பெயர் திருத்த நூறு ரூபாய்க்குள்தான் கட்டணம். பான் கார்டுக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரிய வேலை, அதைத் தொடாதீர்கள். அதில் உள்ளபடி மற்றவற்றைக் கொண்டுவாருங்கள். கல்யாணமானதும் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஆதார் மையத்திலேயே ஆலோசனை சொல்வார்கள். சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆதாரில் ஒரு மாதிரியும் ராணுவ ரெக்கார்டில் வேறு மாதிரியும் ஆகிவிட்டால் பிறகு அஃபிடவிட், நோட்டரி என்று நீளும். என்னைக் கேட்டால், படித்த சான்றிதழில் உள்ள பெயரையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது நிம்மதி.

கல்யாணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்னும் பதியவில்லை என்றால் முதல் வேலை அதுதான். தமிழ்நாட்டில் திருமணமான 90 நாளுக்குள் பதிவது முறை. கோயிலில் கொடுத்த ரசீதும் மண்டபத்துப் பத்திரிகையும் ராணுவ ஆபீஸுக்குப் போதாது.

2. பார்ட் டூ ஆர்டர் ஆகிவிட்டதா என்று பாருங்கள்

கல்யாணம், குழந்தை பிறப்பு, முகவரி மாற்றம் எல்லாம் யூனிட்டில் ‘பார்ட் டூ ஆர்டர்’ ஆக வெளிவந்து, அவருடைய பணிப் பதிவேடு இருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் ஏற வேண்டும். அது ஏறாதவரை ராணுவத்தின் கணக்கில் உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மருத்துவ அட்டை, கேன்டீன் கார்டு, குழந்தையின் படிப்புப் பணம், குவார்ட்டர்ஸ் எல்லாமே அதற்குப் பிறகுதான்.

கேட்கும் காகிதங்கள் பெரும்பாலும் இவை: பதிவு செய்த திருமணச் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ, உங்கள் ஆதார், பிறந்த தேதிக்கான சான்று. யூனிட்டுக்கு யூனிட் கொஞ்சம் மாறும் என்பதால், லீவுக்குக் கிளம்பும் முன்பே ஹெட் கிளார்க்கிடம் பட்டியலை எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். இங்கே வந்தபின் போனில் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு காகிதம் கூடும்.

அவருடைய ரெக்கார்ட் ஆபீஸ் எங்கே என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத். யூனிட் இன்றைக்கு ஓர் இடம், நாளைக்கு ஓர் இடம் என்று மாறும். ரெக்கார்ட் ஆபீஸ் மாறாது.

அனுப்பிவிட்டோம் என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஆர்டர் நம்பரும் தேதியும் கிடைத்த பிறகுதான் வேலை முடிந்ததாக அர்த்தம். அந்த நம்பரை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.

இதோடு சேர்த்து நாமினி. கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரையோ அப்பா பெயரையோ எழுதிக்கொடுத்திருப்பார். அது தானாக மாறாது. ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸ், ஏ.எஃப்.பி.பி. ஃபண்டு (படைவீரர் சேமநல நிதி), வங்கிக் கணக்கு, வெளியே எடுத்த பாலிசிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாமினி எழுத வேண்டும். இந்தப் பேச்சை எடுப்பது வீட்டில் சங்கடம்தான். “போற நேரத்துல இதையெல்லாம் பேசாத” என்று மாமியார் சொல்வார். அப்போதும் வீட்டுக்காரரையே பேச வையுங்கள். அம்மா அப்பாவுக்கும் ஒரு பங்கு எழுதிவைக்க விரும்பினால், எதில் எவ்வளவு என்பதை அவரே எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

3. பணமும் ஓ.டி.பி.யும்

சம்பளக் கணக்கை உங்கள் இருவர் பெயரிலும், யாராவது ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்ற முறையில் ஜாயின்ட் கணக்காக்குங்கள். ஏ.டி.எம். கார்டு உங்கள் பெயரில் தனியாக ஒன்று வாங்குங்கள். அவர் கார்டையும் ரகசிய எண்ணையும் வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கார்டு காலாவதியானால், தொலைந்தால், வங்கிக்காரர் கணக்குக்காரரைத்தான் கேட்பார்.

அதைவிடப் பெரிய பொறி மொபைல் நம்பர். வங்கி, காஸ், மின் கட்டணம், ஆதார், வண்டி இன்ஷூரன்ஸ், பள்ளிக் கட்டணம் எல்லாம் அவர் நம்பரோடு கட்டியிருக்கும். அவர் எல்லைக்குப் போனபிறகு ஓ.டி.பி. அங்கே போகும். சிக்னல் இல்லாத போஸ்டில் அது யாருக்கும் பயன்படாது. பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓர் எண்ணுக்காக நீங்கள் சேலத்தில் கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். ஆகவே அவர் நம்பரிலேயே இருக்க வேண்டிய சம்பளக் கணக்கும் அவருடைய ஆதாரும் தவிர, வீட்டுக்கான மற்ற எல்லாவற்றையும் உங்கள் நம்பருக்கு மாற்றுங்கள். ஜாயின்ட் கணக்கில் உங்கள் பெயருக்குத் தனி லாகின் வாங்கி, அதில் உங்கள் நம்பரைப் பதியுங்கள்.

அவர் சிம்மையும் கவனியுங்கள். ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிட்டுப் போக வேண்டும். இது சேலத்திலேயே முடியும் வேலை, ஓரிரு நாள் போதும். ரயிலில் ஜம்மு தாண்டியபிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

ராணுவத்தாருக்கான ஹம்ராஸ் செயலியில் அவருடைய மாதச் சம்பளச் சீட்டு வரும். அதை எப்படிப் படிப்பது என்று அவரிடமே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எது அடிப்படைச் சம்பளம், எது ஃபீல்டுக்கான அலவன்ஸ், எது பிடித்தம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஃபீல்டு அலவன்ஸ் நிரந்தரம் இல்லை. சியாச்சினில் இருக்கும் ஜவானுக்குத் தனியாக ஒரு அலவன்ஸ் வருகிறது, ஏழாவது சம்பளக் கமிஷன்படி 2017-இல் அதை மாதம் 30,000 ரூபாய் என்று வைத்தார்கள். அங்கிருந்து இறங்கினதும் அது நின்றுவிடும். அந்தப் பணத்தை நம்பி வீட்டுக் கடனோ கார் கடனோ எடுத்துவிட்டு, குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷன் வந்ததும் தவணை கட்ட முடியாமல் நகையை வைத்த குடும்பங்கள் உண்டு. என் கருத்து இதுதான்: தவணைகளை அடிப்படைச் சம்பளத்தில் கட்ட முடிகிற அளவுக்குள் வையுங்கள். ஃபீல்டு பணம் ஆர்.டி.யிலோ சீட்டிலோ தனியாக நிற்கட்டும்.

மாமனார் மாமியாருக்கு மாதம் எவ்வளவு என்பதையும் அவர் இருக்கும்போதே பேசி முடியுங்கள். அந்தத் தொகை அவர் கணக்கிலிருந்தே நேராக அவர்கள் கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிட்டால், ‘மருமகள் கொடுத்தாளா இல்லையா’ என்ற பேச்சே எழாது.

4. எங்கே தங்குவது என்பதை முடிவு செய்யுங்கள்

இரண்டு வழி. ஒன்று, சொந்த ஊர். இன்னொன்று, ‘எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ்’ என்று சொல்லும், பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கான ராணுவக் குடியிருப்பு. சென்னை, பெங்களூரு, வெலிங்டன் போன்ற ஸ்டேஷன்களில் கேட்கலாம். சேலத்தில் கன்டோன்மென்ட் இல்லாததால் இங்கே அது கிடையாது. விண்ணப்பம் யூனிட் வழியாகப் போகும். காத்திருப்போர் பட்டியல் இருக்கும் என்பதால் போஸ்டிங் ஆர்டர் கைக்கு வந்ததுமே எழுதிக்கொடுக்க வேண்டும்.

சொந்த ஊரில் இருப்பதானால், அந்த ஊரைக் குடும்பம் தங்கும் இடமாக முறைப்படி அறிவித்து அதையும் பார்ட் டூ ஆர்டரில் ஏற்ற வேண்டும். வீட்டு வாடகைப்படி அதைப் பொறுத்தது. அந்தப் படிக்காக ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்திருக்கிறார்கள். சேலம் மாநகரம் ஒய் வகுப்பு. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தாண்டியபின், ஒய் ஊருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதமும், இசட் ஊருக்கு 10 சதவீதமும் என்று ஆகியிருக்கிறது. ஏற்காடு இசட். நீங்கள் உண்மையில் குடியிருப்பது சேலத்தில், ஆதார் முகவரி மட்டும் நாகலூரிலோ மாரமங்கலத்திலோ இருக்கிறது என்றால், மாதம் பாதிப் பணம் போகும். முகவரியை உண்மைக்கு ஏற்ப மாற்றிவிட்டு அறிவியுங்கள். பொய்யாகச் சேலம் முகவரி காட்டுவது வேண்டாம். சரிபார்த்தால் மொத்தமும் பிடித்தமாகும், அவர் பெயர் கெடும்.

எது நல்லது? கைக்குழந்தையும், ஒத்தாசைக்கு அம்மாவோ மாமியாரோ பக்கத்திலும் இருந்தால் சேலமே நல்லது. வீட்டில் ஒத்துப்போகவில்லை, தனியாக இருக்க வேண்டிய நிலை என்றால் தயங்காமல் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் கேளுங்கள். அங்கே ஆஸ்பத்திரி, பள்ளி, கேன்டீன் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும். நம்மைப் போலவே தனியாக இருக்கும் பெண்களும் இருப்பார்கள். மலைக் கிராமத்தில் இருப்பவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், கடைசி மாதங்களிலாவது கீழே இறங்கி வந்து இருப்பதுதான் பாதுகாப்பு. இருபது கொண்டை ஊசி வளைவு, ஐப்பசி கார்த்திகை மழையில் மண்சரிவு, மே மாதக் கோடை விழாவில் வண்டி நெரிசல். ராத்திரியில் வலி எடுத்தால் இவை எதையும் நம்மால் மாற்ற முடியாது.

5. ஆஸ்பத்திரி

குடும்பத்தாருக்கான மருத்துவ அட்டை, அதாவது டிபென்டென்ட் கார்டு, இருந்தால் மிலிட்டரி ஆஸ்பத்திரியில், அதாவது எம்.எச்.சில், உங்களுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை இலவசம். அவருடைய அப்பா அம்மாவையும் சேர்க்கலாம். அவர்கள் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த வரம்புக்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் அதற்கு 60 ரூபாய்.

சிக்கல் என்னவென்றால் சேலத்தில் எம்.எச். இல்லை. வெலிங்டன், பெங்களூரு கமாண்ட் ஆஸ்பத்திரி, சென்னை எம்.எச். என மூன்றும் தூரம். இதில் சேலத்துக்காரர்களுக்குப் பெங்களூருதான் வசதி. ரயிலும் பஸ்ஸும் நிறைய, மலையேற்றம் இல்லை. சேலத்தில் உள்ள ஈ.சி.எச்.எஸ். பாலிக்ளினிக் ஓய்வு பெற்றவர்களுக்காக ஏற்பட்டது. மாமனார் முன்னாள் படைவீரர் என்றால் அவருக்கு உதவும். பெயரைப் பார்த்துவிட்டு நமக்கும்தான் என்று நினைத்து அலைய வேண்டாம்.

நாள்பட்ட வியாதி, திட்டமிட்ட அறுவை என்றால் எம்.எச். போய்விடுங்கள். அவசரம் என்றால் பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிதான், அதில் யோசனையே வேண்டாம். ஆனால் அன்றைக்கே யூனிட்டுக்கும் அருகிலுள்ள எம்.எச்.சுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். எமர்ஜென்சி சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்கள், மருந்துச் சீட்டுகள், எல்லாவற்றிலும் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபின் ‘எமர்ஜென்சி என்று எழுதிக்கொடுங்கள்’ என்று கேட்டுப் போனால் அந்த டாக்டர் லீவில் இருப்பார், அல்லது எழுத மறுப்பார். படுக்கையில் இருக்கும்போதே வாங்குங்கள். பணம் சி.ஜி.எச்.எஸ். எனும் மத்திய அரசு மருத்துவத் திட்ட விகிதப்படிதான் திரும்பி வரும். தனியார் ஆஸ்பத்திரி பில் முழுவதும் வராது, வருவதற்கும் மாதங்கள் ஆகும். அதனால் அவசரத்துக்கென்று தனியாக ஒரு தொகை வீட்டில் இருக்க வேண்டும்.

பிரசவத்துக்கு இன்னும் சில விஷயங்கள். பெங்களூரிலோ தனியார் ஆஸ்பத்திரியிலோ பிள்ளை பெற்றுக்கொள்வதாக இருந்தாலும், நாள் தள்ளிப்போனது உறுதியானதும் உங்கள் பகுதி கிராமச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்கு அந்த எண் கேட்பார்கள். குழந்தை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊரில்தான் பிறப்புப் பதிவு நடக்கும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் பதிவு ஃபாரம் நிரப்புவது பெரும்பாலும் தம்பியோ சித்தியோதான். அவர்கள் பதற்றத்தில் அப்பா பெயரை வாயில் வந்தபடி சொல்வார்கள். முதல் படியில் சொன்ன அந்தத் தாளின் ஒரு நகலை ஆஸ்பத்திரிப் பையில் வைத்துவிடுங்கள். அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஆனால் பார்ட் டூ ஆர்டருக்குப் பெயரோடு உள்ள சான்று வேண்டும் என்பதால் ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள்.

6. பள்ளிக்கூடம்

ஒவ்வொரு குழந்தைக்கும், இரண்டு குழந்தை வரை, படிப்பு அலவன்ஸ் இப்போது மாதம் 2,812 ரூபாய் 50 காசு. வருடத்துக்கு 33,750 ரூபாய். கல்வியாண்டு முடிந்ததும், குழந்தை அந்த வருடம் முழுக்க அங்கே படித்தது என்று தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். பள்ளியில் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் ரெக்கார்டில் உள்ளபடி இருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஆபீஸ் மூடிவிடும், அதற்குள் வாங்கிவிடுங்கள்.

கேந்திரிய வித்யாலயா சேலத்திலும் இருக்கிறது. சேர்க்கையில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கு முதல் வகை முன்னுரிமை, அதிலும் கடந்த 7 வருடத்தில் அப்பாவுக்கு எத்தனை டிரான்ஸ்பர் என்று பார்ப்பார்கள். அதற்கான சான்றை யூனிட்டில் முன்பே வாங்கி வைக்கவும். அங்கே கட்ட வேண்டிய வித்யாலயா விகாஸ் நிதி என்ற கட்டணம் மாதம் 500 ரூபாய். நாளைக்கு அவருக்கு பீஸ் ஸ்டேஷன் கிடைத்து நீங்கள் கிளம்பும்போது அங்கே உள்ள கே.வி.க்கு மாற்றிக்கொள்வது சுலபம். ஆறாம் வகுப்பு வயதுப் பையனோ பெண்ணோ இருந்தால் அமராவதி நகர் சைனிக் பள்ளியையும் யோசியுங்கள், நுழைவுத் தேர்வு உண்டு.

7. அவசரத்துக்கு யூனிட்டைக் கூப்பிடும் முறை

அவர் கிளம்புவதற்கு முன் ஐந்து நம்பர் எழுதி வாங்குங்கள்: கம்பெனி சீனியர் ஜே.சி.ஓ., ஹெட் கிளார்க், அட்ஜுடன்ட் ஆபீஸ், அதே யூனிட்டில் இருக்கும் ஒரு தமிழ்நாட்டுக்காரர், ரியர் பார்ட்டி. யூனிட் மேலே இருக்கும்போது கீழே நிற்கும் சிறு பிரிவைத்தான் ரியர் பார்ட்டி என்பார்கள், அவர்கள் போன் பெரும்பாலும் கிடைக்கும். இதோடு அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், ரெக்கார்டில் உள்ள பெயர், யூனிட், ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் நிலைய முகவரி, 9-இல் தொடங்கும் பின்கோடு. தபாலில் ஊர் பெயர் எழுதக் கூடாது.

போனை எடுப்பவருக்குத் தமிழ் தெரியாது. பயத்தில் நமக்கும் வாய் வராது. இந்த வரிகளை ஒரு அட்டையில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்:

“மே ஹவில்தார் முருகேசன் கி வைஃப் போல் ரஹி ஹூ. சேலம், தமிழ்நாடு சே. கர் மே எமர்ஜென்சி ஹே. சீனியர் ஜேசிஓ சாப் சே பாத் கர்னி ஹே.”

ரேங்கையும் பெயரையும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து ஆர்மி நம்பரைச் சொல்லுங்கள். அது போதும், மற்றதை அவர்கள் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார்கள்.

எமர்ஜென்சி லீவுக்கு ஆஸ்பத்திரிச் சேர்க்கைச் சீட்டு வேண்டும். நோயாளி பெயர், வயது, என்ன வியாதி, டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்புங்கள். நிலைமையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். இங்கே போலீஸ் மூலமோ மாவட்ட நிர்வாகம் மூலமோ விசாரிக்க வாய்ப்பு உண்டு, அடுத்த முறை உண்மையிலேயே ஆபத்து வரும்போது நம்ப மாட்டார்கள். லீவு கிடைத்தாலும் உடனே வந்துவிட முடியாது. குளிர்காலத்தில் லடாக்கிலிருந்து தரைவழி மூடியிருக்கும், விமானம் வானிலையைப் பார்த்துத்தான் பறக்கும். டெல்லி வந்து சேர்ந்தபிறகும் கேரளா எக்ஸ்பிரஸில் சேலம் வர இரண்டு நாள். ஆகவே அவர் வரும்வரை முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆபரேஷன் கையெழுத்து போட வேண்டி வந்தால் போடுங்கள், அவருக்காகக் காத்திருக்காதீர்கள்.

8. நிலத் தகராறு, வழக்கு

அவர் ஊரில் இல்லை என்று தெரிந்ததும் வரப்பைத் தள்ளுவதும், பாதையை அடைப்பதும், பங்காளிகள் கையெழுத்து கேட்டு வருவதும் நம் பக்கத்தில் சகஜம். முதலில், அவர் பெயரில் உள்ள சொத்துக்கு நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டி வரலாம் என்றால், லீவிலேயே சார்பதிவாளர் முன்னிலையில் உங்களுக்குப் பவர் எழுதிப் பதியச் சொல்லுங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று நகல்கள் உங்கள் கையில் இருக்கட்டும்.

பிரச்சினை வந்தால் இரண்டு பக்கமும் போக வேண்டும். இங்கே நீங்கள் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுங்கள். பெயரில் ‘முன்னாள்’ இருந்தாலும் இப்போது பணியில் இருப்பவர்களின் குடும்பத்தையும் அவர்கள்தான் கவனிக்கிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்கும் பணியில் இருப்பவர் குடும்பங்களுக்கும் சேர்த்துத் தனியாகக் குறைதீர்க்கும் கூட்டமும் நடத்துவார்கள். யூனிட்டில் அவர் தன் கமாண்டிங் ஆபீசர் மூலம் கலெக்டருக்குக் கடிதம் அனுப்பச் சொல்லட்டும். மனு ரசீது எண்ணை அவருக்கு அனுப்பினால் அந்தக் கடிதத்தில் அதைக் குறிப்பிடுவார்கள். தனியாக வரும் மனுவைவிட இரண்டும் சேர்ந்து வரும்போது தாசில்தார் ஆபீஸில் வேகம் தெரியும்.

கோர்ட்டில் வழக்கே போட்டுவிட்டார்கள் என்றால் பயப்படாதீர்கள். லீவு கிடைக்காத படைவீரர், தனக்குப் பதிலாக வழக்கை நடத்த இன்னொருவருக்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 28-வது கட்டளையில் இதற்கு வழி இருக்கிறது. கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர் மேலொப்பம் இட்டு அனுப்புவது. அதோடு 1925-ஆம் வருட இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டப்படி, களப்பணியில் இருப்பவர் மீதான வழக்கை ஒத்திவைக்கக் கேட்கலாம். நம் ஊர் வக்கீல்கள் பலருக்கு இது பழக்கமில்லை. நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

9. போன், பிள்ளைகள், டி.வி.

போன் வரும் நேரம் நம் கையில் இல்லை. ரோந்து, பனிப்புயல், லைன் கோளாறு என்று நாள்கணக்கில் வராமல் இருக்கும். வந்தாலும் சில நிமிடம்தான். அந்த நேரத்தில் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் “சாப்பிட்டீங்களா” என்பதிலேயே முடிந்துவிடும். வீட்டுச் சண்டையை அந்த நிமிடங்களில் கொட்டாதீர்கள். அதைக் கேட்டுவிட்டு அவர் துப்பாக்கியோடு காவலுக்குப் போக வேண்டியிருக்கும். அதற்காக எல்லாவற்றையும் மறைக்கவும் கூடாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்லி, டாக்டரிடம் காட்டியாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு வேறு யார் வாயாலாவது தெரிந்தால், நீங்கள் சொல்லும் ‘எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்பதை அவர் நம்பவே மாட்டார்.

சின்னக் குழந்தைகளுக்கு ‘நாளைக்கு வருவார்’ என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மாதக் கணக்கு புரியாது, பண்டிகை புரியும். ‘கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிஞ்சதும் அப்பா வருவாரு’ என்றால் புரிந்துகொள்ளும். அதையும் லீவு உறுதியான பிறகு மட்டும் சொல்லுங்கள். பள்ளியில் வகுப்பு ஆசிரியைக்கு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். காரணமில்லாமல் அடம், படுக்கையை நனைப்பது எல்லாம் சில மாதம் இருக்கும்.

எல்லையில் ஏதாவது நடந்தால் டி.வி.யை அணைத்துவிடுங்கள். உண்மையான தகவல் யூனிட்டிலிருந்தோ ராணுவத்தின் ஆட்கள் மூலமோதான் வரும், வாட்ஸ்அப் ஃபார்வர்டில் வராது. அவர் எங்கே இருக்கிறார், யூனிட் எப்போது நகர்கிறது, எந்த ரயில் என்பதை ஸ்டேட்டஸிலும் சொந்தக்காரர் குரூப்பிலும் போடக் கூடாது. ‘யூனிட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் வீட்டுக்காரருக்கு அடிபட்டுவிட்டது, பணம் அனுப்புங்கள்’ என்று மோசடி அழைப்பும் வரும். ராணுவம் குடும்பத்திடம் பணம் கேட்காது. துண்டித்துவிட்டு ரியர் பார்ட்டி நம்பருக்கு அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

10. லீவைத் திட்டமிடுவது

வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. ஒரேயடியாக வராது, யூனிட் நிலைமையைப் பார்த்துப் பிரித்துத்தான் கிடைக்கும். எல்லாரும் பொங்கலுக்கும் ஆடிப் பண்டிகைக்கும் வரத்தான் ஆசைப்படுவோம். ஆனால் பொங்கல் வாரத்தில் ஒரு அரசு ஆபீஸும் திறக்காது, ஆடியில் சேலத்துக்கு உள்ளூர் விடுமுறை வேறு விடுவார்கள். ஆபீஸ் வேலை இருக்கிற வருடம், பண்டிகைக்குப் பின் குறைந்தது ஐந்து வேலை நாள் இருக்கும்படி லீவு எழுதச் சொல்லுங்கள்.

வந்த முதல் சில நாள் அவரை எங்கேயும் இழுக்காதீர்கள். தூக்கம் கெட்டிருக்கும், சத்தம் கேட்டால் திடுக்கிடுவார், சின்னக் குழந்தை அவரிடம் போகாமல் அழும். இரண்டாவது வாரம் காலை பத்து மணிக்கு மேல் ஆபீஸ் வேலைகளை வையுங்கள்: வங்கி, சார்பதிவாளர், ஆதார் என்ற வரிசையில். கேன்டீனுக்கும் ஒரு நடை. திரும்பிப் போவதற்கு ஒரு வாரம் முன் எந்தக் காகிதத்தையும் எடுக்காதீர்கள், அந்த நாட்கள் பிள்ளைகளுக்கு.

மலைக்குப் போய்விட்டு வருவதானால் வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமையில் கூட்டத்தில் நின்றே பொழுது போய்விடும். கிளம்பும் நாள், பையில் அசல் சான்றிதழ் எதுவும் இல்லை, நகல்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஜிப்பை மூடுங்கள். அவர் ஜங்ஷனில் ரயில் ஏறியதும், ஹெட் கிளார்க்கிடம் கொடுக்க வேண்டிய காகிதங்களின் பட்டியலை அவர் போனுக்கு ஒரு மெசேஜாக அனுப்பிவிடுங்கள்.